இரண்டு வீடு, ஒரு கிளினிக் கொப்பி



காய்ச்சலோடு ஒரு பிள்ளையைக் கேகாலை மாவட்டத்துக் கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், வைத்தியர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “காய்ச்சல் எப்போது தொடங்கியது?”

டெங்கு பரவும் மாதங்களில் இந்தக் கேள்விக்கு நாளும் நேரமும் சரியாக வேண்டும். டெங்குவில் பெரிய ஆபத்து, காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. “காய்ச்சல் விட்டுட்டு, இனிப் பயமில்லை” என்று வீட்டில் மூச்சு விடும் நேரமும் அதுதான். அந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். பிள்ளைக்கு எவ்வளவு நீராகாரம் கொடுப்பது, எத்தனை மணிக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பது, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது என்ற முடிவுகளில் அந்த நாட்கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

தாயும் தகப்பனும் தோட்டத்தில் ஒரே லய வீட்டில் இருந்தால் விடை உடனே கிடைத்துவிடும். பிரிந்திருந்தால்? சனிக்கிழமை தகப்பன் வீட்டில் இருந்தபோது உடம்பு சுட்டிருக்கிறது. பாணி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளை தாய் வீட்டுக்கு வருகிறது. திங்கட்கிழமை தாய் வேலைக்குப் போய்விட, தாயின் அம்மாவான அம்மாயிதான் உடம்பு சுடுவதைக் காண்கிறார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரும்போது அம்மாயி சொல்லும் விடை, “நேற்றையிலிருந்து.” உண்மையில் அது நான்காம் நாள். தகப்பன் வீட்டில் கொடுத்த பாணி பரசிட்டமோலா, இபுபுரூஃபனா என்பதும் கட்டிலருகே நிற்பவருக்குத் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் டெங்குவில் இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும் மருந்து அது. 2017 இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு சந்தேகத்துக்குரியவர்களாகப் பதிவானார்கள்; 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈர வலயத்தைச் சேர்ந்த கேகாலையும் இரத்தினபுரியும் அந்த நோய்க்குப் புதியவை அல்ல.

இங்கே யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டு வீடுகளுக்கு இடையில் ஒரு தொலைபேசி அழைப்பு நடக்காததால் பிள்ளையின் நோய் பாதியாக வெட்டுப்பட்டு வைத்தியர் முன் வந்து நிற்கிறது. பேச்சு நின்றுபோன வீடுகளுக்கு இடையில் வைத்தியத்தைப் பற்றி வெளிப்படையான தகராறும் மூண்டால் என்னவாகும் என்பதே இந்த உரையின் பொருள். பிள்ளைக்கு இரண்டு வீடு இருக்கலாம், இரண்டு வைத்தியம் இருக்கக் கூடாது. இந்த ஒரு கருத்தைச் சட்டத்திலும் ஆஸ்பத்திரியிலும் தோட்டத்திலும் எப்படி நடைமுறையாக்கலாம் என்று பார்ப்பதே நோக்கம்.

பிரிவு எப்படி நடக்கிறது

ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புலத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளின் றப்பர், தேயிலைத் தோட்டங்களில் கணவன் மனைவி பிரிவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் நடப்பதில்லை. ஒருநாள் விடியற்காலையில் றப்பர்ப் பால் வெட்டுக்குப் போகவேண்டிய பெண், பிள்ளையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்திலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். சில வாரம் கழித்துத் தோட்டத் தலைவர் போன்ற ஒருவர் சமாதானம் பேசுகிறார். பேச்சு சரிவரவில்லையென்றால் பிரிவு அப்படியே நிலைத்துவிடுகிறது. விவாகரத்துத் தீர்ப்பும் இல்லை, பிள்ளை யார் பொறுப்பு என்று எழுதிய தாளும் இல்லை.

இன்னொரு வகைப் பிரிவும் உண்டு. தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிறார்; தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறார்; பிள்ளை தகப்பனின் அம்மாவான அப்பாயியிடம் வளர்கிறது. கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் இல்லாவிட்டாலும் வீடு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்தே கிடக்கிறது. 2013 இல் அரசாங்கம் வெளிநாடு செல்லும் தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர்களைத் தடுத்தது. 2022 இல் அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. அறிக்கையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று காட்டவேண்டியிருந்தது. அப்படிப் பொறுப்பேற்கும் அம்மாயிக்கோ அப்பாயிக்கோ, பேரப்பிள்ளையின் சத்திரசிகிச்சைத் தாளில் கையொப்பம் வைக்கும்போது எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இரண்டு வகையிலும் தகராறில் நிற்பவர்கள் தாயும் தகப்பனும் மட்டும் அல்லர். அம்மாயி, அப்பாயி, அத்தை, மாமா என்று இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. பிள்ளையை இரவில் மடியில் போட்டுத் தட்டியவர்கள் அவர்கள். அவர்களுடைய சொல்லுக்குச் சட்டத்தில் இடம் குறைவு, வீட்டில் இடம் அதிகம்.

சட்டம் சொல்வது

இந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழருக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் பொருந்தாது. நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். அதன் அடித்தளம் ரோம-டச்சுச் சட்டம். சட்டப்படி செல்லுபடியாகும் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயும் தகப்பனும் இயற்கைப் பாதுகாவலர்கள். பழைய சட்டம் தகப்பன் பக்கமே சாய்ந்தது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை முன்னுக்குக் கொண்டுவந்தன. அத்தகைய திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் தாயே பாதுகாவலர். தகப்பனுக்குப் பராமரிப்புச் செலவு கொடுக்கும் கடமை உண்டு, பாதுகாவலர் உரிமை இல்லை. தோட்டங்களில் பதிவு செய்யாத குடும்பங்கள் கணிசமாக இருப்பதால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பலர். மாதக் காசு எவ்வளவு என்பதை அங்கே தீர்க்கலாம். பிள்ளைக்கு எந்த வைத்தியம் என்பதை அந்த வழக்கில் தீர்க்க முடியாது. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. பிள்ளையை மறுபக்கம் பிடித்து வைத்திருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடும் வழியும் உண்டு. 1991 ஜூலையில் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம், பிள்ளையை வளர்ப்பது தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்று 18 ஆம் உறுப்புரையிலும், மிக உயர்ந்த சுகாதாரம் பிள்ளையின் உரிமை என்று 24 ஆம் உறுப்புரையிலும் சொல்கிறது.

சட்டத்தில் வேறொரு சிக்கலும் புதைந்திருக்கிறது. திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்றே காரணங்களைத்தான் ஏற்கிறது: சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லுதல், திருமணத்தின்போதே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைவு. பிரிய விரும்பினால் மற்றவர் மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். அதனால் பிள்ளையின் நோயும் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. “கிளினிக்குக் கூட்டிப்போகவில்லை, மருந்து வாங்கிக் கொடுக்கவில்லை” என்று ஒரு பக்கம் எழுத, “தேவையில்லாத மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாள்” என்று மறுபக்கம் எழுதும். ஆஸ்பத்திரித் துண்டு வழக்குக் கோவைக்குப் போய்விட்டால், அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கையில் ஒன்றும் இருக்காது.

உயிர் போகும் அவசரத்தில் இந்தக் கேள்விகள் எதுவும் எழுவதில்லை. கையொப்பத்துக்காகக் காத்திருந்தால் பிள்ளை இறந்துவிடும் என்ற நிலையில் வைத்தியர் சிகிச்சையைத் தொடங்கலாம். சிக்கல் வருவது ஒரு கிழமை, ஒரு மாதம் அவகாசம் உள்ள சிகிச்சைகளில்தான். அவகாசம் இருப்பதாலேயே தள்ளிப்போடப்படுகிறது. முடிவெடுக்காமல் கடத்தும் ஒவ்வொரு மாதமும் வேண்டாம் என்று சொன்னவரின் பக்கமே விழுகிறது. யாரும் எதிலும் கையொப்பம் வைக்காமலேயே அது நடந்துவிடுகிறது.

நீதிமன்றங்கள் தீர்த்த விதம்

இத்தகைய தகராறுகள் வெளிப்படையாகத் தீர்க்கப்பட்டு, காரணங்களோடு எழுதப்பட்டிருப்பது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும். அவற்றைப் பார்ப்பது பயன் தரும்.

1999 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு 5 வயதுப் பையனின் வழக்கு வந்தது. தகப்பன் துருக்கிய முஸ்லிம், தாய் ஆங்கிலேயப் பெண். பிரிந்தபின் பையன் தாயோடு வளர்ந்தான். அவனுக்குச் சுன்னத் செய்யவேண்டும் என்று தகப்பன் கேட்டார், தாய் மறுத்தார். நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது. அதைவிட முக்கியம், தீர்ப்பு வகுத்த வழி. பிள்ளையை யார் வளர்த்தாலும் அன்றாட முடிவுகளை அவரே எடுக்கலாம்; ஆனால் திரும்ப மாற்ற முடியாத சில பெரிய முடிவுகளை ஒரு பெற்றோர் மற்றவரின் எதிர்ப்பை மீறித் தனியாக எடுக்கக் கூடாது. இருவரும் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் தீர்க்கும்.

நான்கு ஆண்டு கழித்து, 2003 இல், அதே நீதிமன்றம் அந்தச் சிறிய பட்டியலில் தடுப்பூசியையும் சேர்த்தது. அந்தக் காலத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1998 இல் லான்செட் மருத்துவ இதழில் 12 பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை, தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்ற பயத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. நீதிமன்றத்தின் முன் வந்தவை தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள். ஒன்றில் 4 வயதுப் பெண் பிள்ளை, மற்றதில் 10 வயதுப் பெண் பிள்ளை. இரண்டிலும் பிள்ளை தாயோடு இருந்தாள். இரண்டு தாய்மாரும் ஊசி வேண்டாம் என்றார்கள், இரண்டு தகப்பன்மாரும் போடவேண்டும் என்று வழக்கு வைத்தார்கள். நீதிபதி நிபுணர்களின் சாட்சியத்தை நாட்கணக்கில் கேட்டு, வயதுக்குரிய ஊசிகளைப் போடும்படி தீர்த்தார். தாய்மாரின் மேன்முறையீடும் தோற்றது. பயத்தைக் கிளப்பிய கட்டுரையை லான்செட் 2010 பெப்ரவரியில் விலக்கிக்கொண்டது.

சுன்னத் வழக்கில் தாய் வென்றார், ஊசி வழக்கில் தாய்மார் தோற்றார்கள். நீதிமன்றம் ஒருமுறை தாய்க்கும் மறுமுறை தகப்பனுக்கும் சலுகை காட்டியது என்று இதைப் படிக்கக் கூடாது. யாருடைய பிள்ளை என்ற கேள்வியை இரண்டு தீர்ப்புகளும் ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை, என்ன தீமை என்று கணக்குப் பார்த்தன.

ஜெர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2017 மே 3 இல் இதையே வேறு வழியில் செய்தது. திருமணம் செய்யாமல் வாழ்ந்து பிரிந்த இருவர். 2012 இல் பிறந்த மகள் தாயோடு இருந்தாள். பொறுப்பு இருவருக்கும் கூட்டாக இருந்தது. நாட்டின் தடுப்பூசி ஆணைக்குழு பரிந்துரைத்த ஊசிகளைப் போடவேண்டும் என்றார் தகப்பன். ஊசியால் பாதிப்பே வராது என்று உறுதி தந்தால்தான் போடலாம் என்றார் தாய். நீதிமன்றம் ஊசிக்கு நேரடியாகக் கட்டளையிடவில்லை. அந்த ஒரு விடயத்தில் முடிவெடுக்கும் உரிமையை மட்டும் தகப்பனிடம் கொடுத்தது. பிள்ளை தாயோடுதான் இருந்தாள், மற்ற எல்லாம் முன்போலத்தான். ஒரு விடயத்துக்காகப் பிள்ளையை இடம் மாற்றத் தேவையில்லை என்பதை அந்தத் தீர்ப்பு காட்டியது. இலங்கை வழக்கறிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் நீதிமன்றங்களில் வைத்தியத் தகராறு வந்தால் பொறுப்பையே மாற்றித்தா என்று கேட்கும் வழக்கம் மேலோங்கி நிற்கிறது.

இந்தியாவில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 பெப்ரவரி 17 இல் தந்த தீர்ப்பு நேரடியாக வைத்தியத்தைப் பற்றியது அல்ல. மகன் பேரில் பத்திரம் வாங்க ரிசர்வ் வங்கி தகப்பனின் கையொப்பத்தைக் கேட்டதில் தொடங்கியது அது. தகப்பன் பொறுப்பில் அக்கறை காட்டாதபோதும், இருவரும் ஒத்துக்கொண்டு பிள்ளையைத் தாயிடம் விட்டிருக்கும்போதும், தகப்பன் உயிரோடு இருக்கையிலேயே தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயற்படலாம் என்றது நீதிமன்றம். ஆஸ்பத்திரிக் கருமபீடத்தில் “அப்பா எங்கே, அவரைக் கூட்டிவாங்க” என்று கேட்கப்படும் தாய்மாருக்கு இந்தத் தர்க்கம் எவ்வளவு வேண்டியது என்று சொல்லத் தேவையில்லை.

இழுப்பும் பம்ப்பும்

தோட்டத்து வீடுகளில் நடக்கும் தகராறு பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகும் அளவுக்குப் பெரியதாய் இருப்பதில்லை. அது ஒரு சின்னப் பம்ப்பைப் பற்றியதாக இருக்கும்.

ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளைக்குக் கிளினிக்கில் இரண்டு பம்ப் கொடுப்பார்கள். ஒன்று, மூச்சு முட்டும்போது அடிப்பது. சில நிமிடங்களில் சுவாசக் குழாயைத் தளர்த்திவிடும், நாலைந்து மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். மற்றது, நன்றாக இருக்கும்போதும் காலையும் மாலையும் அடிக்கவேண்டியது. குழாயின் உட்சுவரில் உள்ள வீக்கத்தை அது மெல்ல மெல்லக் குறைக்கும். பலன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ செல்லும். அடித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் பம்ப்பை நேரே வாயில் வைக்காமல், முகமூடியோடு கூடிய பிளாஸ்டிக் குழலில் பொருத்தி, பிள்ளை அமைதியாகச் சில மூச்சு எடுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அந்தக் குழலைக் கழுவினால் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பிள்ளை கிழமை நாட்களில் தாய் வீட்டிலும் சனி ஞாயிறு தகப்பன் வீட்டிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய் வீட்டில் விறகு அடுப்பு, ஒரே காம்பரா, இரவில் புகை. பிள்ளை விடியுமுன் இருமுகிறது, நெஞ்சு விசிலடிக்கிறது. தகப்பன் வீடு ரோட்டோரம், காஸ் அடுப்பு, பிள்ளை இரண்டு நாளும் ஓடி விளையாடுகிறது. “நல்ல பிள்ளைக்கு எதுக்கு மருந்து? பம்ப்புக்குப் பழகிட்டா அப்புறம் விடவே முடியாது” என்கிறார் அப்பாயி. சனி ஞாயிறு பம்ப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. புதன்கிழமை இரவு பிள்ளைக்கு முட்டு வருகிறது. “அவங்க வீட்டுல கவனிக்கல” என்று தாய் சொல்கிறார். “எங்ககிட்ட நல்லாத்தானே இருந்துச்சு, இவ வீட்டுலதான் வருது” என்று தகப்பன் சொல்கிறார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வீடும் ஒரே நோயின் இரண்டு வேறு பகுதிகளைப் பார்க்கின்றன. தகப்பன் வீடு பகலையும் விடுமுறையையும் பார்க்கிறது, தாய் வீடு இரவையும் பள்ளி நாளையும் பார்க்கிறது. வைத்தியத் தகராறுகளில் ஒரு பெரும்பங்கு இந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. இதற்கு மருந்து நீதிபதியிடம் இல்லை. எந்த நாள் இரவில் இருமல், எத்தனை தடவை அவசரப் பம்ப் தேவைப்பட்டது, தடுப்புப் பம்ப் அடித்ததா என்று இரண்டு வீட்டாரும் ஒரே கொப்பியில் ஒரு வரி எழுதினால், அடுத்த கிளினிக்கில் வைத்தியருக்கு முழு நோயும் தெரியும். அப்பாயிக்கும் தெரியும்.

இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும் நோய்களும் உண்டு. வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டும், ஆண்டுக்கணக்கில். வீடு மாறும் மாதத்தில் ஓர் ஊசி தவறினால், அடுத்த தொண்டை அழற்சியோடு வால்வு இன்னும் கெட்டுப்போகலாம். வலிப்புக்குக் குளிசை எடுக்கும் பிள்ளைக்குத் திடீரென்று குளிசையை நிறுத்தினால், நிறுத்தாமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். தலசீமியா உள்ள பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றுவதோடு, உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தும் தவறாமல் வேண்டும். இந்த நோய்களில் ஒரு வீட்டின் கவனக்குறைவை மறுவீட்டின் கவனம் ஈடுசெய்ய முடியாது.

நம்பிக்கையும் மருந்தும்

வலிப்பு வந்தால் மந்திரித்து நூல் கட்டுவது, அம்மை கண்டால் வேப்பிலை சொருகி வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது, கோயிலுக்கு நேர்த்தி வைப்பது எல்லாம் தோட்டத்து வாழ்க்கையில் ஊறியவை. படித்தவர்கள் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்கான கதவும் அத்தோடு அடைபடும். கையில் நூல் இருப்பதால் குளிசையின் வேலை கெடுவதில்லை. வேப்பிலை இருக்கும் வீட்டிலிருந்தும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டலாம். நேர்த்தியும் வைத்தியமும் சேர்ந்து நடப்பதைத் தடுக்கத் தேவையே இல்லை. ஒன்றை வைத்து மற்றதை நிறுத்தும்போதுதான் ஆபத்து. தாய் பக்கம் நூலும் தகப்பன் பக்கம் குளிசையும் என்று கட்சி பிரிந்துவிட்டால், பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து விட்டுவிட்டுப் போகும்.

அம்மை விடயத்தில் எச்சரிக்கை தேவை. 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கை தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. 2023 இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடவேண்டி வந்தது. எம்.எம்.ஆர். ஊசி இங்கே 9 ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. முதல் ஊசி ஒரு மிட்வைஃப் பகுதியிலும் இரண்டாவது வேறொரு பகுதியிலும் விழும் பிள்ளைகளில் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எச்.பி.வி. ஊசியும் அப்படித்தான். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை திட்டமிட்டுப் பாடசாலையில் போடப்படும் ஊசி அது. இடையில் தாய் தோட்டம் மாறினால் பாடசாலையும் மாறும், இரண்டாம் ஊசி யார் கணக்கிலும் இல்லாமல் போகும்.

பிள்ளையின் சொல்

2013 இல் இங்கிலாந்தில் இரண்டு சகோதரிகளின் வழக்கு வந்தது. மூத்தவளுக்கு 15 வயது, இளையவளுக்கு 11. பழைய பயத்தில் தாயும் தகப்பனும் சேர்ந்தே எம்.எம்.ஆர். வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். பிறகு பிரிந்தார்கள். 2012 நவம்பரில் தொடங்கி 2013 நடுப்பகுதிவரை வேல்ஸில் சுவான்சீ பகுதியில் 1,200 பேர்வரை தட்டம்மைக்கு ஆளானதும் தகப்பன் மனம் மாறி நீதிமன்றம் போனார். பிள்ளைகள் இருவரும் ஊசி வேண்டாம் என்றார்கள். மூத்தவள் விலங்குப் பொருள் எதையும் உட்கொள்ளாத கொள்கையுடையவள். ஊசியில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டாள். நீதிபதி இருவரின் கருத்தையும் பதிவு செய்து ஆராய்ந்தார். அவர்களுக்கு விடயத்தின் முழு விளக்கம் கிடைக்கவில்லை, தாயின் கவலை அவர்களுடைய கருத்தில் படிந்திருக்கிறது என்று கண்டு, ஊசி போடச் சொன்னார்.

தீர்ப்போடு உடன்படலாம், உடன்படாமலும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் கேட்டார்கள் என்பது முக்கியம். சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை கேட்பதும் அதைத்தான். தோட்டத்துக் கிளினிக்கில் 10 வயதுப் பிள்ளையிடம் “அப்பா வீட்டுல பம்ப் அடிச்சியா?” என்று கேட்டால், அது தாயின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும். வைத்தியரோ தாதி மிஸ்ஸியோ பிள்ளையோடு சில நிமிடம் தனியாகப் பேசினால் வேறு பதில் வரக்கூடும்.

செய்யக்கூடியவை

முதலாவது, கிளினிக் கொப்பியும் குழந்தை சுகாதார அபிவிருத்திப் பதிவேடும் பிள்ளையோடு போகவேண்டும். அவை தாயின் சொத்தும் அல்ல, தகப்பனின் சொத்தும் அல்ல. பிள்ளை வீடு மாறும்போது உடுப்புப் பையில் முதலில் வைக்கவேண்டியவை அவை. மருந்து மாறினால், காய்ச்சல் வந்தால், நேரத்தோடு கொப்பியில் எழுதவேண்டும். எழுதத் தெரியாத அப்பாயிக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் உள்ளவர் எழுதிக் கொடுக்கலாம். மூல ஆவணத்தை வழக்குக்குக் கொடுக்காமல் பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, நெடுநாள் நோயுள்ள பிள்ளையின் தாயும் தகப்பனும் ஒருமுறையாவது ஒரே வைத்தியரிடம் ஒரே நேரத்தில் விளக்கம் கேட்கவேண்டும். இருவரும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, இழக்கவேண்டியிருக்கும். அதனால் திகதியை முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் தாயைத் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளலாம். அடி உதைக்குப் பயந்து பிரிந்த பெண்ணை மட்டும் யாரும் இப்படிச் சேர்ந்து வரச் சொல்லக் கூடாது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெற்றிருப்பவருக்கு வைத்தியர் தனித்தனியே விளக்கம் கொடுப்பதே சரி.

மூன்றாவது, பிள்ளையை வளர்க்கும் அம்மாயிக்கோ அப்பாயிக்கோ எழுத்தில் அதிகாரம் வேண்டும். வெளிநாடு போகுமுன் தாயும், இருந்தால் தகப்பனும், சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி எழுதி வைக்கலாம்: சாதாரண சிகிச்சைக்கும் ஊசிக்கும் இவர் ஒப்புதல் தரலாம், சத்திரசிகிச்சை என்றால் இந்த எண்ணில் எங்களை அழைக்கவேண்டும். நீதிமன்றக் கட்டளைக்கு அது சமமாகாது. ஆனாலும் இரவு பத்து மணிக்கு விடுதியில் நிற்கும் வைத்தியருக்கு யாரிடம் பேசவேண்டும் என்று அது காட்டும்.

நான்காவது, பிள்ளை வேறு தோட்டத்துக்குப் போகும்போது பழைய பகுதி மிட்வைஃபுக்கும் புதிய பகுதி மிட்வைஃபுக்கும் சொல்லவேண்டும். தோட்ட வைத்திய உதவியாளருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பிரிவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், “பிள்ளை இனி இந்த லயத்தில்” என்று மட்டும் சொன்னால் போதும்.

வேண்டுமென்றே சிகிச்சையை மறுத்துப் பிள்ளையை வதைக்கும் நிலை வந்தால் அது குடும்ப விடயம் என்று பேசாமல் இருக்கக் கூடாது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனியாது விட்டுத் துன்பத்துக்கோ உடல்நலக் கேட்டுக்கோ ஆளாக்குவதையும் குற்றமாக்குகிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு யாரும் அழைக்கலாம். நல்லெண்ணத்தோடு வேறு கருத்துச் சொல்லும் அப்பாயி மேல் இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவதும் தவறு.

கடைசியாக, வழக்கறிஞர்களுக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலர்களுக்கும் ஒரு கோரிக்கை. பிள்ளையின் பொறுப்புப் பற்றிய இணக்கத் தீர்மானங்களில் எந்தக் கிழமை யார் வீடு, மாதம் எவ்வளவு காசு என்பவற்றோடு வைத்தியத்துக்கும் ஒரு பத்தி சேர்த்து எழுதுங்கள். பிள்ளையின் கிளினிக் எது, கொப்பி யார் கையில், நோய் கண்டால் எத்தனை மணித்தியாலத்துக்குள் மறுவீட்டுக்குச் சொல்லவேண்டும், எந்த முடிவுகளைத் தனியே எடுக்கலாம், எவற்றுக்கு இருவர் சம்மதம் வேண்டும், ஒத்துவராவிட்டால் எந்த வைத்தியரின் ஆலோசனையை முதலில் கேட்பது, மருந்துச் செலவும் கொழும்பு றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் செலவும் யார் தருவது. இவற்றைத் தமிழிலும் ஒரு பிரதி எடுத்து இரண்டு வீட்டுக்கும் கொடுங்கள்.